ஆறிய கஞ்சியும் அழைப்பு மணியும்

என்னங்க,

கம்பெனி வேன் கீழே நின்று ஹாரன் அடிக்கிறது. ஒரு காலில் மட்டும் செருப்போடு, சுவரில் சீட்டை வைத்து எழுதுகிறேன்.

உங்கள் ஞானப்பல் இரண்டையும் நேற்றுப் பிடுங்கிய டாக்டர் சொன்னது நினைவிருக்கட்டும். கஞ்சி அடுப்பின் மேல் ஆறிக்கொண்டிருக்கிறது. ஸ்பூனால் குடியுங்கள். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினால் மறுபடி ரத்தம் வரும். மசித்த உருளைக்கிழங்கு நீல டப்பாவில் இருக்கிறது. சிப்ஸ் பாக்கெட்டைத் தேட வேண்டாம், அது என் கைப்பையில் வேலைக்கு வருகிறது.

இன்று முழுக்க வாய் திறந்து பேசக் கூடாது.

மணி அடித்தால் கதவைத் திறங்கள். வருவது என் அப்பா. முறைக்காதீர்கள். அன்று காரில் "ரிவர்ஸ் எடுக்கத் தெரியலன்னா கண்ணாடி எதுக்கு மாப்ளே?" என்று அவர் கேட்க, "அப்ப இறங்கி நடந்து வாங்க மாமா" என்று நீங்கள் சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்தான்.

"ஒரு நாள் உன் புருஷன் எதிர்த்துப் பேசாம இருக்கட்டும், நானே வந்து பேசுறேன்" என்று போன வாரமே சொன்னார் அப்பா. ஐஸ்கிரீமோடு வருகிறார்.

பி.கு: அவர் கார் பேச்சை எடுத்தால் தலையை மட்டும் ஆட்டுங்கள்.

இன்னொன்று: நேற்று நீங்கள் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தபோது டாக்டர், "அவசரமில்லை, அடுத்த மாசம்கூட எடுக்கலாம்" என்றார். "இன்றைக்கே எடுத்துவிடுங்கள்" என்று அவரிடம் சொன்னது நான்தான்.