மறுத்துச் சொல்ல ஓர் ஆள்

நோபல் பார்க், மெல்பேர்ண்
24 ஆகஸ்ட், ஞாயிறு

அன்புள்ள பார்கவிக்கு,

ஷெஃபீல்டில் நீர் சுகமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடு எழுதுகிறேன். தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர். தொலைபேசியில் நாங்கள் 'சாப்பிட்டாச்சா, அங்கே மழையா' என்பதற்கு மேலே போவதில்லை. நீர் வேலைக்காக அங்கே போன ஐந்து மாதமும் அப்படித்தான் கழிந்தது. அதனால் இன்று பாண் கடையை மத்தியானத்தோடு பூட்டி, அக்கா வீட்டுக்கும் போய் வந்த பிறகு ஜன்னலோரக் கதிரையில் இருந்து பேனா பிடிக்கிறேன்.

வீட்டில் குறையொன்றும் இல்லை. எலுமிச்சை இந்தக் குளிரிலும் காய்த்துக் கொட்டுகிறது. குளியலறை ஹீட்டர் ஒரு கிழமை வேலை செய்யவில்லை, இப்போது சரி. வெள்ளிக்கிழமை திருச்சிக்கு எடுத்து உம்முடைய அம்மாவோடு கதைத்தேன். முழங்கால் நோ குறைந்திருக்கிறதாம். மாப்பிள்ளை, நீங்க ஒழுங்கா சாப்பிடுறீங்களா என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் ஓம் என்றேன். அது முழு உண்மை இல்லை.

ஒரு துக்கச் செய்தி. ஜீன் காலமாகிவிட்டார். ஜூலை நடுவில் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளி பிடித்துப் பன்னிரண்டு நாளில் முடிந்துவிட்டது. தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உமக்கு அவரில் எவ்வளவு விருப்பம் என்று தெரியும்.

ஜீனும் புருஷன் ஃபிராங்கும் சனிக்கிழமை காலையில் கடைக்கு வரும் வரத்து உமக்கு மறந்திருக்காது. ஃபிராங்க் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, "நாலு பார்ம்" என்பார். ஜீன் அவருக்குப் பின்னால் நின்றபடி, "நாலு ரோல்" என்பார். சாமான் ஒன்றுதான், கைக்குள் அடங்குகிற அந்த வட்டப் பாண். ஃபிராங்க் இங்கிலாந்தின் வடக்கே போல்டனில் பிறந்தவர். ஜீன் தெற்கே, போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்காரி. தெற்கத்தியர் போடும் தேநீர் பாத்திரம் கழுவிய தண்ணீர் என்று அவர் சொல்ல, வடக்கத்தியர் உருளைக்கிழங்குப் பொரியலைக்கூடப் பாணுக்குள் வைத்துத் தின்னுகிற சனம் என்று ஜீன் சொல்லுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன பேர் என்பதிலும் சண்டை, இரவுச் சாப்பாட்டுக்கு என்ன பேர் என்பதிலும் சண்டை. வரிசையில் நிற்கிற வியட்நாம்காரப் பெண்கள்கூடச் சிரித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

அதைப் பார்த்துத்தான் நீர் ஒருநாள் விலைச்சீட்டில் தமிழில் 'பன்' என்று எழுதி ஒட்டினீர். நான் அதைக் கிழித்து 'பணிஸ்' என்று எழுதினேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி 'பன்'. ஜீன் கவனித்துவிட்டு என்ன சங்கதி என்று கேட்டார். விளக்கினோம். ஃபிராங்குக்குத் தாங்க முடியாத சந்தோஷம். உங்களில் யார் வடக்கு என்று கேட்டார். நான் யாழ்ப்பாணம், இலங்கையின் வடக்கு, ஆகவே நானே என்றேன். நீர் வாயை மூடவில்லை. உங்க யாழ்ப்பாணத்துக்கே வடக்கேதான் எங்க திருச்சி இருக்கு, படத்தை எடுத்துப் பாருங்க என்றீர். அன்று நான்கு பேரும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த ஒரு தட்டுப் பாண் கருகியது.

ஜீனுடைய செத்தவீட்டுக்கு நான் போனேன். ஃபிராங்க் ஒருவரோடும் கதைக்கவில்லை. பிறகு மூன்று சனிக்கிழமை கடைப்பக்கம் அவர் வரவேயில்லை. நேற்றுத்தான் வந்தார். கோட்டுப் பொத்தான் ஒரு துளை தள்ளிப் பூட்டியிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, "இரண்டு பார்ம்" என்றார்.

சொல்லிவிட்டு நின்றார். நான் பையை எடுத்தேன். அவர் பாணைப் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்த்து, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அங்கே ஒருவரும் இல்லை. பையைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். என்ன துணிவோ, "ஃபிராங்க், இது ரோல்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். பெரிய பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுக்கையில், "போர்ட்ஸ்மத்தை வரைபடத்திலாவது பார்த்திருக்கிறாயா நீ? உனக்கு ரோலைப் பற்றி என்ன தெரியும்?" என்றார். சொல்லும்போதே முகம் உடைந்துவிட்டது. நான் வெளியே வந்து அவரைக் கதிரையில் இருத்தித் தேநீர் கொடுத்தேன். சாயம் போதாது என்றார். இன்னொரு தேயிலைப் பை போட்டேன்.

பிறகு தானாகவே ஒரு கதை சொன்னார். கல்யாணம் முடித்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு ஜீனை போல்டனுக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டிப் போனாராம். மேசையில் தாய், நான்கு சகோதரர்கள், அவர்களின் பெண்டாட்டிமார். ஜீன் ஒரு ரோல் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். ஃபிராங்க் உடனே ஜீனுடைய குரலில், அவருடைய இழுப்போடு, அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினாராம். மேசை முழுக்கச் சிரித்தது. ஜீனும் சிரித்தார். அதன் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க ஜீன் பாணுக்கு ஒரு பேரும் சொல்லவில்லை. கடையிலும் வீட்டிலும் விரலால் காட்டினாராம். தனக்கு அது விளங்க மார்ச் மாதம் ஆனது என்றார். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று விளையாடினோம், அன்று பத்துப் பேர் ஒரு பக்கம் நின்றோம், அவள் தனியே நின்றாள் என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டுக் கதைதான் நினைவுக்கு வந்தது.

அக்கா வீட்டுப் பிறந்தநாள் விருந்தை நீர் மறந்திருக்க மாட்டீர். நீர் ஒவ்வொரு காலையும் உம்முடைய அம்மாவோடு தொலைபேசியில் கதைப்பதை நான் எல்லாருக்கும் நடித்துக் காட்டினேன். "சாப்ட்டேம்மா, ஆமாம்மா, வெச்சிர்றேம்மா." இருபது பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீரும் சிரித்தீர். நான் அதைத்தான் பார்த்தேன், அதற்கு மேலே பார்க்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அம்மாவோடு கதைக்க நீர் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர். என்னோடு ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கினீர். கண்டேன். வேலை மும்முரம், ஆங்கிலம் வாயில் ஏறிவிட்டது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஷெஃபீல்டுக்குப் போகிறேன் என்று நீர் முடிவாகச் சொன்ன அன்றும், உம்முடைய வேலைக்கு நல்லது என்றுதானே சொன்னேன்.

இன்று மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் வரதராஜா அத்தான் வழக்கம்போல, "தம்பி, அந்த போன் கதையை ஒருக்கால் செய்து காட்டும்" என்றார். நான் மாட்டேன் என்றேன். அத்தான் விடவில்லை. நான் அன்று செய்ததே பிழை, இனி ஒருநாளும் செய்ய மாட்டேன் என்று சொன்னேன். எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். அக்கா, "பகிடிதானே தம்பி" என்றா. எங்களுக்குப் பகிடி அக்கா, அவவுக்கு இல்லை என்றேன்.

அக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. கோபம் என்று நினைத்துப் பின்னால் போனேன். கையைத் துடைத்துக்கொண்டு நின்றா. "அண்டைக்கு அவள் இதிலதான் பைப்பைத் திறந்துவிட்டிட்டு நிண்டவள். கழுவ ஒரு கோப்பையும் இல்லை. நான் கண்டனான், தம்பி. என்னெண்டு கேக்கேல்லை" என்றா. அக்காவின் கண் கலங்கி நான் கண்டது அப்பா போன அன்றுதான். இன்று இரண்டாவது தரம்.

பார்கவி, நான் உம்மிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இருபது பேருக்கு முன்னால் செய்ததைக் கடிதத்தில் தனியாகக் கேட்பது போதாது என்று தெரியும். அதனால்தான் அக்கா வீட்டு மேசையில் முதலில் சொன்னேன்.

உம்முடைய வேலையை இன்னும் மூன்று மாதம் நீட்டிக் கேட்கிறார்கள் என்று சொன்னீர். இரும் என்றோ வாரும் என்றோ நான் சொல்ல மாட்டேன். அது உம்முடைய முடிவு. ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த முறை எடுக்கும்போது உம்முடைய அம்மாவோடு கதைக்கிற மாதிரி என்னோடும் கதையும். திட்டுவதானாலும் அந்தத் தமிழிலேயே திட்டும்.

அங்கே குளிர் தொடங்கப் போகிறது. காதை மூடிக்கொண்டு நடவும். கடவுள் உம்மோடு இருக்கட்டும்.

என்றும் உம்முடைய,
அருந்தவன்


ஷெஃபீல்ட்
8 செப்டம்பர், திங்கள்

அன்புள்ள அருந்தவனுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஜீனுக்காக முதலில் அழுதேன். மார்ச்சில் கிளம்பும் முன் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வடக்கே போகிறாய், ஜாக்கிரதை, உன்னை மாற்றிவிடுவார்கள் என்று சொன்னார். நான் போய்ச் சேர்ந்ததும் அவருக்கு ஒரு தபால் அட்டை அனுப்புவதாகச் சொன்னேன். அனுப்பவில்லை. அது என் நெஞ்சில் கிடக்கிறது. இன்று காலை ஃபிராங்குக்கு எழுதிப் போட்டுவிட்டேன். இந்த ஊரில் பார்மும் இல்லை, ரோலும் இல்லை, 'பிரெட்கேக்' என்கிறார்கள், எனக்கு எரிச்சலாக இருக்கிறது என்று எழுதினேன். அவர் கோபப்பட்டு ஒரு பக்கமாவது பதில் எழுதுவார். அவருக்கு அது நல்லது.

இனி நம் விஷயம். உங்கள் மேல் இன்னும் கொஞ்ச நாள் கோபமாக இருக்கலாம் என்றுதான் வைத்திருந்தேன். கடிதம் படித்ததும் அது முடியவில்லை. அதுவும் ஒரு கோபம்.

அன்றைக்கு நீங்கள் என் பேச்சைக் கிண்டல் செய்ததால் மட்டும் வலிக்கவில்லை. 'பன்' என்றால் 'பணிஸ்' என்று நீங்கள் சண்டைக்கு வரும்போது எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? ஆனால் 'வெச்சிர்றேம்மா' என்பது நான் அம்மாவிடம் மட்டும் சொல்வது. ஒரு தடவை சொன்னால் அம்மா வைக்க மாட்டாள், நாலு தடவை சொல்ல வேண்டும். அதைக் கேட்க உரிமை உள்ளவர் நீங்கள் ஒருத்தர் என்று நினைத்துத்தான் உங்கள் எதிரிலேயே பேசினேன். அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டீர்கள்.

என் பங்கும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்னை 'நீர்' என்று கூப்பிடுவதை ஆபீஸ் தோழிகளிடம் நாடக ராஜா மாதிரி பேசிக் காட்டியிருக்கிறேன். பல தடவை. அவர்கள் சிரித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நீங்கள் அந்த அறையில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கா நேற்று என்னைப் போனில் கூப்பிட்டார். தானாக ஒருநாளும் கூப்பிடாதவர். அரை மணி நேரம் புட்டுக்கு மா அவிப்பதைப் பற்றியே பேசினார். வைக்கும்போது, "குறை நினையாதை பிள்ளை" என்றார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று மாத நீட்டிப்புக்கு நான் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால். அதை மாற்றப் போவதில்லை. வேலை நன்றாகப் போகிறது, பாதியில் விட மனமில்லை. கோபித்துக்கொண்டு ஓடி வந்தேன் என்று ஆகிவிடக் கூடாது, முடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

இந்த ஒன்பது வருஷத்தில் நீங்கள் கடையை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பூட்டியதில்லை. நம் கல்யாணத்துக்கு மறுநாள்கூடத் திறந்தீர்கள். ஒரு தடவை பூட்டுங்கள். அக்டோபரில் இரண்டு வாரம். நோபல் பார்க் சனங்கள் அதற்குள் பட்டினி கிடந்துவிட மாட்டார்கள்.

என் அறை மாடியில், ஜன்னலுக்கு வெளியே செங்குத்தான ஒரு தெரு. மூச்சு வாங்க ஏற வேண்டும், உச்சியில் நின்றால் ஊர் முழுதும் தெரியும். இத்தனை நாளும் தனியாகப் போய் நின்றுவிட்டு வந்திருக்கிறேன். தடித்த மேற்சட்டை இல்லாமல் புறப்பட்டுவிடாதீர்கள். உங்கள் பிரஷர் மாத்திரைகளை மறக்காதீர்கள்.

நான் திரும்பி வர்றேன்னு இப்ப சொல்லலை. நீங்க வாங்கன்னு சொல்றேன். வாங்க.

பார்கவி