பெரட்டுக்குப் பிறகுதான் மோட்டர்

அடியே,

இன்று காலை டயகமவில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மண்ணெண்ணெய்ப் புகை மூக்கில் ஏறியது. கோவா, லீக்ஸ் மரக்கறிப் பாத்திகளுக்கு ஆற்றுத் தண்ணீரை இறைக்கும் மோட்டர். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள் அதற்குள் மலையேறிப் போயிருந்தார்கள். சரியான நேரத்துக்குத்தான் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நீ போன பிறகும் அன்று கொடுத்த பேச்சு மாறவில்லை, பார்த்தாயா!

முன்பு இங்கே வந்த வறட்சியில் இந்த ஆற்றைப் பங்கிடும் திட்டத்துக்கு நாம் இரண்டு பேரும் வந்தோம். நான் ஆற்றை அளந்தேன். நீ வீடு வீடாக ஏறி ஆட்களைக் கேட்டாய். என் கணக்கில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் போதிய தண்ணீர் இருந்தது. ஆனாலும் விடியற்காலையில், அந்த ஆற்றுத் தண்ணீர் வந்து விழும் லயத்துப் பீலி காய்ந்து கிடந்தது. பெண்கள் குடத்தோடு பள்ளத்துக்கு ஓடினார்கள். காலையில் வேலைக்கு ஆள் பதியும் பெரட்டில் பெயர் கொடுக்கப் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான் வரைந்த படத்தை இழுத்து, நீ கேட்டு வந்த நேரங்களை அதன் மேலேயே சிவப்பில் குறித்தாய். லயம் எழும்பும் நேரத்தில்தான் மோட்டரும் ஓடியது. "ஒன்னோட ஆறு நாள் முழுக்க ஓடுதுடி. பெரட்டுக்குப் போறவ எப்பப் புடிப்பா?" என்றாய். அட, என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் மரக்கறி போடும் ஒருவர் எகிறினார். "கோவாவுக்குக் காலையிலதாங்க தண்ணி விடணும்!" நீ அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. பின்னால் இருந்த அவர் மனைவியிடம், "அக்கா, நீங்க எந்தப் பீலியில புடிக்கிறீங்க?" என்று கேட்டாய். அந்த அக்காவும் லயத்தில் இருந்து கொழுந்துக்குப் போகிறவர்தான்.

"எங்க புடிக்கிறது? இந்த மனுசன் மோட்டரப் போட்டா எனக்கே மூஞ்சி கழுவத் தண்ணி இல்ல!"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரிங்க, பெரட்டு முடிஞ்சே போடுறேன்" என்றார். மற்றவர்களும் அதையே ஒத்துக்கொண்டார்கள்.

நோய் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கூட்டங்களில் உன்னிடம் கேட்க இன்னும் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பிவிடுகிறேனடி. ஆனால் வேலை பிடித்திருக்கிறது, முன்னைவிட.

போன வாரம் பூண்டுலோயாப் பக்கம் வேறோர் ஆறு. அளவுகோலோடு இறங்கப்போனவள், லயத்துப் பக்கம் திரும்பினேன். குடத்தோடு நின்ற ஒரு பெண்ணிடம், "எத்தன மணிக்குங்க ஒங்களுக்குத் தண்ணி வேணும்?" என்று கேட்டேன்.

"இத யாருமே கேட்டதில்லீங்களே" என்று சிரித்தவர், குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். முழுவதும் கேட்டு முடித்த பிறகே ஆற்றில் கால் வைத்தேன்.