பின்கட்டிலில் யாரும் இல்லை

மோன்ரவெல் மலைமடம், விருந்தினர் விடுதி
ஜூன் 11

அன்புள்ள ரெஜி,

நலம். நீயும் நம் கேரவனும் ஆலியே ஆற்றங்கரை முகாமில் நிற்பதாக வாசலைப் பார்த்துக்கொள்ளும் பிரதர் பாஸ்கால் சொன்னார். நீ மடத்துக்குப் போன் செய்தபோது வேண்டுமென்றேதான் நான் பேச வரவில்லை; கடிதம் எழுதுகிறேன், அதுவரை இங்கே வராதே என்று அவரிடமே சொல்லச் சொன்னேன். போனில் நீ 'ம்' கொட்டித் தப்பித்துவிடுவாய்.

மடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததும் நான் கேரவனுக்குள் ஏறிப் பின்கட்டிலில் படுத்தேன். சீஸ் வாங்கவில்லையே என்று நினைவு வர, இறங்கி மடத்துக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் வண்டியைக் காணோம். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக் கிளம்பிவிட்டாய்.

பிரதருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வருஷா வருஷம் யாராவது ஒரு பொஞ்சாதி இங்க மிஞ்சிடறாங்கம்மா. அடுத்த வளைவுலயே தெரிஞ்சு, புருஷன் அலறிக்கிட்டு ஓடி வருவாரு" என்றார். நீ மாலையில்தான் கூப்பிட்டாய்.

நான் இல்லை என்பது உனக்கு எப்போது தெரிந்தது? இதற்குப் பதில் எழுது. அதைப் பார்த்துத்தான் திரும்பி வருவதா என்று முடிவு செய்வேன்.

உன்
ஒதில்

ஆற்றங்கரை முகாம்
ஜூன் 13

என் அன்பு ஒதிலுக்கு,

கோபம் குறைந்ததா? உன் போனும் மூட்டுவலி மாத்திரையும் இங்கேதான் கிடக்கின்றன.

வழியெல்லாம் உன்னோடு பேசிக்கொண்டுதான் வந்தேன். நீ பதில் சொல்லவில்லை. அது புதிதில்லையே. முகாமில் கொடுத்த இடம் சரிவு. மட்டமாக நிற்க வண்டியைக் கட்டைமேல் ஏற்ற வேண்டும், நீ வெளியே நின்று கை காட்டவில்லை. "ஒதில், இறங்கித் தொலையேன்!" என்று கத்தினேன். பக்கத்து வண்டி பெல்ஜியக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரய்யா கூப்பிடுறீங்க? உள்ள ஆளே இல்லியே!" என்றார். அப்போதுதான் தெரிந்தது.

பொய் சொல்ல மனம் வரவில்லை. சனிக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன்.

உன்
ரெஜி

மலைமடம்
ஜூன் 14

அன்புள்ள ரெஜி,

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. முதல் வளைவிலேயே தெரிந்தது என்று நீ புளுகியிருந்தால், புளுகு என்று தெரிந்தே பையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

இங்கே சாப்பாட்டு மேசையில் யாரும் பேசக்கூடாது. எதையும் கேட்டு வாங்கவும் கூடாது. எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று நாமே பார்த்துக் கொடுக்க வேண்டும். முதல் நாள் என் கோப்பை காலியானதும் முன்பின் தெரியாத ஒருவர் தண்ணீர் ஊற்றினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நம் வீட்டிலும் பேச்சு இல்லைதான், ஆனால் அது இப்படி இருந்ததில்லை.

சனிக்கிழமை வா. மதியம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடு. பிறகு பார்க்கலாம்.

ஒதில்

மலைமடம்
ஜூன் 16

அன்புள்ள ரெஜி,

நேற்று வந்தாய், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு. பார்க்கச் சந்தோஷமாகவே இருந்தது.

சூப் வந்தது. நீ ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாய், என்னைப் பார்த்துச் சிரித்தாய். என் கோப்பை காலியாகவே இருந்தது. நீயோ உன் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாய். நான் யோசிக்காமலே ஊற்றினேன். மறுபடி நகர்த்தினாய், மறுபடி ஊற்றினேன். எனக்குக் கடைசியில் ஊற்றியது பக்கத்தில் இருந்த அம்மாள்.

உன்மேல் கோபமில்லை ரெஜி. என் கை பழகிப்போன விதம்தான் என்னைப் பயமுறுத்தியது. அதனால்தான் வாசலில், "நீ போ, எழுதுகிறேன்" என்றேன். நான் வரவில்லை. தங்கை வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, தனியாக வீடு பார்த்துக்கொள்வேன்.

கேரவனை நீயே வைத்துக்கொள். சரிவில் நிறுத்தினால் இடது முன்சக்கரத்துக்கு உயரமான கட்டை. கை காட்டப் பக்கத்து வண்டிக்காரரைக் கூப்பிடு, மறுக்கமாட்டார். இனிமேல் பின்கட்டிலில் யாரும் இல்லை, தைரியமாகக் கிளம்பு.

ஒதில்