கடைசிப் பக்கத்துக்குப் போன வரி

இன்று காலை புனே மகர்பட்டாவில் எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்த்தார்கள். கிரீஸ் வாசனை மாடிப்படி முழுக்க ஏறியிருந்தது. உன் துப்பட்டாவில் எப்போதும் இருந்த வாசனை அது. இயந்திரங்களுக்குக் கையேடு எழுதிய நம் கூட்டத்தில், இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்று எழுதியவள் நீ ஒருத்திதான். நாங்களெல்லாம் கராடியில் ஏசி அறையில் உட்கார்ந்து, பொறியாளர்கள் அனுப்பியதைத் திருத்திக்கொண்டிருந்தோம்.

இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினுக்கு நீ எழுதிய வரி எனக்கு மனப்பாடம். "மோட்டாரை நிறுத்திய பிறகும் பெரிய சக்கரம் சுற்றும். அது நிற்கும்வரை உள்ளே கை விடாதீர்கள்." அச்சு மாற்றும் முறையைச் சொல்லும் இடத்தில், கை உள்ளே போவதற்குச் சற்று முன்னால் அதை வைத்திருந்தாய். நம் மேலாளர், சென்னைக்காரர், அதை அங்கிருந்து எடுத்தார்.

"எச்சரிக்கையெல்லாம் சேர்த்துக் கடைசியில போடும்மா. பார்க்க நீட்டா இருக்கும்."

"அச்சு மாத்துறவன் கடைசிப் பக்கத்தைப் புரட்டிட்டா இருப்பான், சார்?"

"புரட்டலைன்னா அது அவன் தப்பு."

பிம்ப்ரி பக்கம் ஒரு பட்டறையில் ஒருவர் புரட்டவில்லை. அவருடைய வலது கையில் கட்டை விரல் மட்டும் மிஞ்சியது.

விசாரணையில் மேலாளர் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். எச்சரிக்கை இருக்கிறதே, படிக்காதது யார் குற்றம்? வந்திருந்தவர்கள் முன்னாலேயே நீ எழுந்தாய். "இருக்க வேண்டிய இடத்துல இல்ல." அந்த வாரமே உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அனுப்பிய மறுநாள் ஆஸ்பத்திரிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அடிபட்டவரின் மனைவி மராத்தியில் கேட்டாள். "தும்ஹீச் லிஹிலம் கா?" நீங்கள்தான் எழுதினீர்களா?

"ஹோ" என்று ஒப்புக்கொண்டாய்.

அவள் திட்டவில்லை. போர்வையை விலக்கி, கட்டுப் போட்ட அந்தக் கையைத் தூக்கி உன் முகத்துக்கு நேரே பிடித்தாள். நீ முகத்தைத் திருப்பவில்லை. அவர் வலியில் முனகிய பிறகுதான் இறக்கினாள்.

திரும்பும்போது ரிக்ஷாவில் நான் கத்தினேன். "ஏன்டி, அந்தாளுதான் மாத்தினாருன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா எனக்கு நல்லா இருக்கும். அவளுக்கு?"

புனேயில் அதன்பிறகு யாரும் உனக்கு வேலை தரவில்லை. கோயம்புத்தூருக்குத் திரும்பினாய். நோய் வந்ததை நீயே போனில் சொன்னாய். நீ போய்விட்டதை உன் தம்பி சொன்னான்.

இதற்கிடையில் கையேட்டின் அடுத்த பதிப்பில் உன் வரி அதன் இடத்துக்கே வந்திருந்தது, ஒரு சொல்கூட மாறாமல். தேவைப்படும் இடத்தில் தகவலைச் சேர்த்ததற்காக மேலாளருக்குத் தரத்துக்கான பரிசு கிடைத்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. உன் சாவைச் சொன்னபோது அவர் உண்மையாகவே வருந்தினார். "நல்லா எழுதுவா, பாவம். அனுசரிச்சுப் போகத் தெரியல." இப்போது ஓய்வு பெற்று, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் வேலை பழக்குகிறேன். உன் கதையைச் சொல்வதில்லை. சொன்னால், கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். எழுதியதை வாங்கிக்கொண்டு ஒன்றுதான் கேட்கிறேன்: இதைப் படிக்கிற நேரத்தில் அவன் கை எங்கே இருக்கும்? தெரியாது என்றால் எல்லார் முன்னாலும் தாளைக் கிழிக்கிறேன். ஒரு பெண் போன வாரம் அழுதாள். இரக்கமில்லாதவள் என்கிறார்கள். என்னை அப்படியே இருக்க விடு.