இரண்டும் இயல்பாக இருந்தன

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. அதை அம்மா ஞாயிறுதோறும் தொலைபேசியில் செய்துவிடுகிறாள். நான் மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் "நாலு புத்தகம் படிச்சுட்டு எனக்கே வைத்தியம் சொல்ல வந்துட்டியா?" என்று வைத்துவிட்டீர்கள். கடிதத்தைக் கிழிக்கலாம்தான். படித்துவிட்டுக் கிழியுங்கள்.

அம்மாவை வெட்டு மேசையிலிருந்து இறக்கிவிட்டார்கள். பதினாறு வருடம் பள்ளிச் சீருடைக்குத் துணி வெட்டியவள், போன மாதம் சட்டைக் கைக்கான அளவு அட்டையைத் திருப்பிப் போட மறந்து, ஒரு கட்டுத் துணி முழுவதையும் இடது கைகளாகவே வெட்டிவிட்டாள். "ஏம்மா, ரெண்டு கையும் இடதாப் பொறந்த பிள்ளைங்களுக்கா தைக்கிறோம்?" என்று முதலாளி சிரித்தாராம். அடுத்த வாரம் மறுபடி நடந்தபோது அவர் சிரிக்கவில்லை. இப்போது அம்மாவுக்கு நூல் பிசிறு நறுக்கும் வேலை. "அக்கா, கத்திரி உங்க கையிலதான் இருக்கு" என்று நேற்றுச் சேர்ந்த பெண்கள் சொல்கிறார்கள். அவர்கள் பெயரை அவள் தினமும் புதிதாகக் கேட்கிறாள்.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று, அத்தை.

குளியலறையில் லேசாக வழுக்கியதற்கே மணிக்கட்டு முறிந்தது. எலும்புப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "இது எழுபது வயசு எலும்பாச்சே, மாதவிடாய் எப்போ நின்னுச்சு?" என்று கேட்டார். அம்மா பெருமையாகப் பதில் சொன்னாள். "முப்பத்தஞ்சுல. எங்க அண்ணிதான் ஆபரேஷன் பண்ணாங்க. அவங்க போட்ட உயிர்ப்பிச்சை."

கருப்பையில் இருந்தது சாதாரணக் கட்டி. அதை எடுக்கப் போன இடத்தில் சூலகங்கள் இரண்டையும் எடுத்தீர்கள். "வயித்தைத் திறந்தாச்சு, விட்டுவச்சா பின்னாடி தொல்லை" என்று வெளியே வந்து அப்பாவிடம் சொன்னீர்கள். அக்கா சொன்னால் அப்பாவுக்கு மறுபேச்சு ஏது. மயக்கத்தில் இருந்தவளை யார் கேட்பது?

நீங்கள் வேலை பார்த்த மருத்துவமனையின் பதிவறைக்குப் போனேன். இரண்டு நாள் தூசியில் உட்கார்ந்து அம்மாவின் ஆபரேஷன் அறிக்கையை எடுத்தேன். இரண்டு சூலகங்களும் இயல்பானவை என்று எழுதியிருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து.

சூலகம் பிள்ளை பெறுவதற்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். எலும்பும் இதயமும் மூளையும் அதை நம்பித்தான் இருக்கின்றனவாம். ஐம்பதை ஒட்டி மெல்ல நிற்க வேண்டியது முப்பத்தைந்தில் ஒரே நாளில் நின்றால், முதுமை முந்திக்கொண்டு வரக்கூடுமாம். அம்மாவின் மறதிக்கு இதுவே காரணம் என்று டாக்டரம்மா அடித்துச் சொல்லவில்லை. போனது திரும்பும் என்றும் வாக்குக் கொடுக்கவில்லை. தேவையான பரிசோதனைகள் முடிந்துவிட்டன, தடை ஒன்றுமில்லை, ஐம்பது வரைக்குமாவது ஹார்மோன் எடுத்துக்கொள்வது நல்லது, இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்றார்.

மாத்திரை வந்து ஐந்து வாரம் ஆகிறது. அம்மா தொடமாட்டேன் என்கிறாள். "அது பக்கமே போகாதே, புற்றுநோய் வரும்" என்று எட்டு வருடத்துக்கு முன் நீங்கள் சொன்னீர்களாம். எதிர்வீட்டுக்காரர் பெயர் மறந்துபோகிறது, இது மறக்கவில்லை. நான் சொன்னால், "அண்ணியைவிட நீ படிச்சவளா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அறிக்கையைக் காட்டினால் நம்புவாளோ என்னவோ. காட்ட எனக்கு மனம் வரவில்லை. உங்கள்மேல் இரக்கப்பட்டு என்று எண்ணவேண்டாம். தன்னை ஒருவர் காப்பாற்றினார் என்ற நினைப்பில்தான் அவள் இந்த எட்டு வருட வேர்வையையும் தூக்கமில்லாமையையும் தாங்கியிருக்கிறாள். அதையும் நான் பிடுங்க வேண்டுமா?

உங்களிடம் கெஞ்ச நேர்ந்ததே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. ஆனாலும் கெஞ்சுகிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டாம், தவறு என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். இந்த ஞாயிறு அம்மா அழைப்பாள். முதலில் உங்கள் முழங்கால் வலியைப் பற்றித்தான் கேட்பாள். கேட்டு முடிக்கட்டும். பிறகு, "நான் சொல்றேன், மாத்திரையைச் சாப்பிடு" என்று சொல்லுங்கள். உங்கள் வாயால் சொன்னால் அன்றைக்கே விழுங்கிவிடுவாள்.

நீங்கள் நீண்ட காலம் நல்ல நினைவோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்