ஏழாவது வளைவில் நின்றவன்

ஜூன் 4

ஆமைக்கு,

பன்னிரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. நீ இப்போது வேலை செய்யும் மரப்பட்டறையின் முகவரியை வேன் அண்ணனிடம் கெஞ்சி வாங்கி, தபால்தலை எங்கே விற்கிறார்கள் என்று அலைந்து, இதை எழுதுகிறேன். காகிதத்தை நீ பாதியில் துண்டிக்க முடியாது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. உனக்கு இரண்டு காலும் மடங்குகிறது, நீ நலம்தான்.

சோடாவுக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை முடிந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு தகடு, ஆறு திருகுகள். இனி செல்போன் கோபுரம் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறுபது மீட்டர் உயரத்தில் தொங்கிக்கொண்டே நமக்குப் போன் போட்டுக் கலாய்த்தவனுக்கு, உட்கார்ந்து புகார் எழுதிக்கொள்ளும் வேலை தருவார்களாம்.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். ஆறு நாள் பயணம். நீ, நான், சோடா, நம்மைச் சுமந்த வேன் அண்ணன். புதிதாகத் தார் போட்ட மலைச்சாலையாகத் தேடித் தேடி ஸ்கேட்போர்டில் இறங்கினோம். மறைவான வளைவில் ஒருவன் முன்னால் போய்ச் சிவப்புத் துணியோடு நிற்க வேண்டும். கீழேயிருந்து வண்டி வந்தால் துணியைக் காட்ட வேண்டும். துணி தெரியாவிட்டால் வரலாம். கடைசி ஆள் கடக்கும்வரை நிற்கிறவன் நகரக் கூடாது. இவ்வளவுதான் விதி.

ஐந்து நாள் ஒழுங்காக நடந்தது. ஆறாம் நாள் காலை, ஏழாவது வளைவில், நான் கடந்ததும் நீ துணியை இடுப்பில் செருகிக்கொண்டு என் பின்னாலேயே பலகையில் ஏறிவிட்டாய். இரண்டு நிமிடம் கழித்து சோடா வந்தான். துணி இல்லை. முட்டைக்கோஸ் லாரி இருந்தது.

கீழே நல்ல இறக்கம், உனக்கு ஆசை வந்துவிட்டது. அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல உனக்கு எத்தனை மாதம் வேண்டும்?

திருப்புளி


ஜூன் 11

அன்புள்ள திருப்புளிக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் மேஸ்திரிதான் வாங்கி வைத்திருந்தார். "யாருப்பா இது, உறை மேலேயே இவ்வளவு அழுத்தி எழுதியிருக்காரு?" என்று கேட்டார். என் நண்பன்தான், மெக்கானிக்கல் படித்தவன், பேனாவையும் முடுக்கித்தான் பிடிப்பான் என்றேன்.

வளைவை விட்டு நகர்ந்தது நான்தான். ஆஸ்பத்திரியிலேயே சோடாவின் அக்காவிடம் சொன்னேன், இப்போதும் அதையே சொல்கிறேன். போனை எடுக்காததற்கு என்னிடம் நல்ல காரணம் இல்லை. உன் குரலைக் கேட்டால் ஏதாவது உளறிவிடுவேன் என்று பயம்.

இங்கே பள்ளிக்கூடப் பெஞ்சுகள் செய்கிறோம். மரத்தை இழைக்கும்போது பயணத்தின் நினைப்பு வந்துவிடுகிறது. காப்பித் தோட்டத்தில் ஒரு அம்மா நம்மை நிறுத்தி, "முழு வண்டி வாங்க வழியில்லன்னு சக்கரத்த மட்டும் வாங்கிட்டீங்களாப்பா?" என்று கேட்டாரே. சோடா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைப் பள்ளத்தில் விட்டான். முக்கால் மணி நேரம் தேடினோம். நீ அவ்வளவு நேரமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

சோடா உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல் செய்து பார்சல் அனுப்பியிருக்கிறேன். கால் நீட்ட வசதியாக முன்பக்கம் தாழ்த்தியிருக்கிறேன். யார் செய்தது என்று சொல்ல வேண்டாம்.

ஒரு குறை மட்டும். ஆயிரம் திட்டினாய். "ஏன்டா போன?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

உன் ஆமை


ஜூன் 16

ஆமைக்கு,

ஸ்டூலைப் பார்த்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. "அத எடுத்துட்டுப் போயிடுப்பா. அவன் கை பட்ட எதுவும் இந்த வீட்டுக்குள்ள வேணாம்" என்றார். என் அறையில் கிடக்கிறது.

ஏன் போனாய் என்று நான் கேட்க வேண்டுமாம். கேட்கிறேன். என் ஹெல்மெட் கேமராப் பதிவை, காற்று இரைச்சல் தாங்காமல் சத்தத்தை அணைத்துவிட்டு, விநாடி விநாடியாகப் பார்த்திருக்கிறேன். நான் உன்னைக் கடப்பது மூன்று நிமிடம் நாற்பத்தோராவது விநாடி. நீ துணியோடு நிற்கிறாய். என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறாய். அடுத்த வளைவில் நான் நின்று திரும்பும்போது நான்கு இருபது. நீ என் பின்னால் வந்துகொண்டிருக்கிறாய். முப்பத்தொன்பது விநாடி. இன்னும் இரண்டு நிமிடம் உன்னால் நிற்க முடியவில்லை.

எதற்குத் தலையாட்டினாய்? ஒரு வரியில் பதில் சொல். மரம், காப்பித் தோட்டம் எல்லாம் வேண்டாம்.

திருப்புளி


ஜூன் 24

அன்புள்ள திருப்புளிக்கு,

ஒரு வரி: பதிவைச் சத்தத்தோடு கேள்.

மற்றதைக் கேட்ட பிறகு படித்தால் போதும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், "யாருடா இடத்த விட்டு நகர்ந்தது?" என்று அக்கா கேட்டபோது, நீ சோடாவின் உடைந்த கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான்தான் என்றேன். அதற்கு மேலும் ஒரு வாக்கியம் இருந்தது. உன் முகத்தைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. நீயே சொல்வாய் என்று இருந்துவிட்டேன். உனக்கு உண்மையிலேயே நினைவில்லை என்பது உன் முதல் கடிதத்தில்தான் புரிந்தது.

நான் யோக்கியன் இல்லை. நிற்கிறவன் தலையை எண்ண வேண்டும். நான் எண்ணாமல் ஒரு பேச்சை நம்பிக் கிளம்பினேன். என் பங்கை யாருக்கும் தரமாட்டேன்.

ஆமை


ஜூலை 2

ஆமைக்கு,

கேட்டேன்.

மேலே கிளம்பும்போது என் குரல்: "லேஸ் கட்ட ஒரு யுகமாடா? பேசாம வேன்ல வந்து சேரு." சோடா: "வரேன்டா, ரெண்டே நிமிஷம்." தெளிவாகச் சொல்கிறான். அதைக் காதில் வாங்கிக்கொண்டே நான் பலகையில் ஏறுகிறேன். மூன்று நாற்பத்தொன்றில் உன்னைப் பார்த்துக் கத்துகிறேன்: "நான்தான் கடைசி. சோடா வேன்ல வரான். கிளம்பு, கிளம்பு." நீ தலையாட்டுகிறாய்.

அவன் வேனில் வருவதாக யாரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்குப் பொறுமை இல்லை, அதனால் அப்படித்தான் நடக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

இன்னொன்று. துணி தெரியாவிட்டால் வரலாம் என்ற விதியை வகுத்தது நான். ஆள் இல்லாத வளைவும் ஆபத்தில்லாத வளைவும் மேலிருந்து வருகிறவனுக்கு ஒரே மாதிரி தெரியும். என் ஆலையில் பயிற்சிக்கு வந்தவன் ஒரு இயந்திரத்துக்கு இப்படி வரைந்து கொடுத்தால் அவன் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டிருப்பேன்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. என்னை இத்தனை நாள் நல்லவனாக அந்த வீட்டுக்குள் நடமாட விட்டாய். அக்கா கையால் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு உன்னைத் திட்டினேன். அவரும் சேர்ந்து திட்டினார். இந்தக் கருணையை உன்னிடம் யார் கேட்டது?

நேற்று லேப்டாப்பை எடுத்துப் போய் சோடாவின் கட்டிலில் வைத்து ஓடவிட்டேன். அக்கா கதவருகே நின்று கேட்டார். சோடா இரண்டாவது தடவையும் போடச் சொன்னான். முடிந்ததும் மூடியை அவனே மெதுவாகச் சாத்தினான்.

"ஆமைய வரச் சொல்லு" என்றான்.

"சரி. நான் நாளைக்கு..."

"நீ வராத."

"எத்தனை நாளைக்கு?"

"அதுக்கும் ஒரு தேதி குறிச்சுக் குடுக்கணுமா உனக்கு?"

அக்கா நான் குடித்த கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதனால் இனி சாயந்திரம் ஐந்து மணிக்கு நீ போக வேண்டும். உன் பட்டறையிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம்தான், காரணம் சொல்லாதே. முழங்கால் இப்போது அறுபத்திரண்டு டிகிரி மடங்குகிறது. மாதக் கடைசிக்குள் தொண்ணூறு வர வேண்டும் என்கிறார் டாக்டர். முதலில் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம். பிறகு குதிகாலுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து மெதுவாகப் பின்னுக்குத் தள்ளு. வேகமாகத் தள்ளாதே. உனக்கு அது வராது, நல்லது. வலித்தால் வாய்க்கு வந்தபடி திட்டுவான். திட்டினால் நிறுத்தாதே. திட்டாமல் அமைதியாகிவிட்டால் உடனே நிறுத்து. அதுதான் நிஜமான வலி.

எத்தனை டிகிரி என்று மட்டும் வாரம் ஒரு முறை ஒரு தபால் அட்டையில் எழுதிப் போடு. என்னைப் பற்றி அவன் கேட்டானா இல்லையா என்று எழுத வேண்டாம்.

திருப்புளி