ரேடியோ இன்னும் சொல்லவில்லை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் தையல்காரி எழுதுகிறேன். நானும் மிஷினும் சுகம். போன கடிதத்துக்கு நீங்கள் போட்ட பதில் கிடைத்தது. வழக்கம்போல என் கடிதத்தைச் சட்டைப்பையில் ஊறப்போட்டு, சாவகாசமாக லீவு நாளில்தான் பிரித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்களைத் திருத்த முடியாது.

"இந்தக் கரகரப் பெட்டியைத் தூக்கிப் போடு, இனிமே யாரு ரேடியோ கேக்குறா" என்று சொல்லி, வேலைக்குக் கிளம்புமுன் சமையலறையில் ஓர் இன்டர்நெட் ஸ்பீக்கரை வைத்துவிட்டுப் போனீர்களே, சங்கதி அதைப் பற்றித்தான். பாட்டைத் தேடிப் பிடித்துக் கேட்க எனக்குப் பொறுமை கிடையாது. யாரோ போடுவதை ஊரோடு சேர்ந்து கேட்டால்தான் பிடிக்கும். அதனால் தையல் அறையில் ரேடியோ, சமையலறையில் ஸ்பீக்கர், இரண்டிலும் ஒரே நிலையம். ஸ்பீக்கர் எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். செய்தி வாசிக்கிற பெண் இங்கே முடித்த வாக்கியத்தை அங்கே அப்போதுதான் தொடங்குவாள். நானும் என் ரேடியோவும் சரியான முந்திரிக்கொட்டைகள் என்று கிண்டல் செய்வீர்கள்.

இப்போது ஸ்பீக்கர் முந்துகிறது.

முதலில் வெறும் தும்மல். அந்தப் பெண் சமையலறையில் தும்மினாள். நான் ஊசியில் நூல் கோத்து முடித்த பிறகு ரேடியோவில் தும்மினாள். பக்கத்துக் கடை மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அதெப்படிக்கா முன்னாடி வரும்?" என்று மண்டையைச் சொறிந்தவன், கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அப்புறம் ஒருநாள் காலையில் ஸ்பீக்கர், நகரில் மழை கொட்டிக்கொண்டிருக்கிறது என்றது. வானமோ பளிச்சென்று இருந்தது. சாயங்காலம் கொட்டியபோதுதான் ரேடியோ அதைச் சொன்னது. கொடியில் கிடந்த துணி தப்பித்ததே என்று மடச்சி மாதிரி சந்தோஷப்பட்டேன்.

இன்று மதியம் ஸ்பீக்கரில் அதே பெண், அதே குரலில், உங்கள் சுரங்க வேலைத்தளத்திலிருந்து லீவுக்கு ஆட்களை ஏற்றிவந்த பஸ் ஆற்றில் விழுந்ததாக வாசித்தாள். ஒருவருடைய சட்டைப்பையில், சிவப்பு நூலால் தைத்து மூடிய கடிதம் பிரிக்காமலே இருந்ததாம். கடிதத்தை ஒட்டாமல் தைத்து அனுப்புகிற பைத்தியக்காரி என்னைத் தவிர வேறு யார்?

ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அது நிறுத்தவில்லை. மெல்லப் பேசிக்கொண்டேதான் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் ஏதோ பழைய பாட்டு ஓடுகிறது. ரேடியோ இன்னும் அதைச் சொல்லவில்லை. அது சொல்லாதவரை எதுவும் நடக்கவில்லை.

அந்த மலையில் போன் எடுக்காது. உங்கள் தளத்துக்குச் சாமான் ஏற்றிவரும் லாரிக்காரர் இப்போது கிளம்புகிறார், லீவு பஸ் புறப்படுமுன் அங்கே போய்விடுவேன் என்கிறார். போன கடிதத்தைத்தான் பிரித்துவிட்டீர்களே, அது சொன்னது இதைத்தான்; அதனால் இந்த முறை தைக்கவில்லை, ஒட்டவும் இல்லை. திறந்தே கொடுத்தனுப்புகிறேன். அவர் படித்தாலும் வெட்கமில்லை.

லீவு போனால் போகட்டும், அந்த பஸ்ஸில் ஏறாதீர்கள். ஏறிய பிறகுதான் படிக்கிறீர்களென்றால் நடுவழியிலேயே இறங்கிவிடுங்கள். ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். இந்த வரிவரை நீங்கள் படித்துவிட்டால் போதும், என் ராசா. சமையலறையில் இருப்பது பொய் சொன்னதாகிவிடும்.

ரேடியோவை அணைக்காமல் காத்திருக்கும்,
உங்கள் முந்திரிக்கொட்டை